மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கு, வீட்டுக்கு?

(ஜீயபுரத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில், பொதுக் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்ற சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் கேட்டுக்கொண்டதால் பேசியபடியே இம்மலரில் தரப்படுகிறது.)



சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வளர்த்தாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. பேங்க் கணக்கிலிருந்து வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கிறார்களே, விபத்துக் காப்பீடு, அது எத்தனை பேருக்கு இருக்கு? கை தூக்குங்க. பரவாயில்லையே, முக்கால்வாசிப் பேர். வருஷத்துக்கு 436 ரூபாய் பிடிக்கிற ஆயுள் காப்பீடு? அதுவும் பாதிக்கு மேலே. கறவை மாடு லோன் வாங்கினவங்க, மாட்டுக்குக் காதுல வில்லை அடிச்சு இன்சூரன்ஸ் எடுத்தவங்க? நல்லது. இப்போ கடைசிக் கேள்வி. அந்த மாடு கட்டியிருக்கிற வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தவங்க யாரு?

இரண்டு கை தெரியுது. அதுல ஒண்ணு நம்ம பொருளாளரோடது.

யாரையும் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. மாட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தால்தான் லோன் என்று பேங்கில் சொன்னார்கள், எடுத்தோம். 20 ரூபாயும் 436 ரூபாயும் பேங்கே ஃபாரத்தை நீட்டினது, கையெழுத்துப் போட்டோம். வீட்டுக்கு எடுங்க என்று நம்மிடம் வந்து யாரும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அதில் விற்கிறவருக்குக் கமிஷன் ரொம்பக் கம்மி. பத்து லட்ச ரூபாய் வீட்டுக்கு வருஷப் பிரீமியம் சில நூறு ரூபாய்தான் வரும். இதற்காக ஒருத்தர் வெயிலில் வண்டி எடுத்துக்கிட்டு ஜீயபுரம் வரைக்கும் வருவாரா? வரமாட்டார். நாமதான் போய்க் கேட்கணும்.

நம்ம ஊர் எங்கே இருக்கு என்பதையும் யோசிச்சுப் பாருங்க. முக்கொம்பு கூப்பிடு தூரம். காவிரி இரண்டாகப் பிரிவது அங்கேதான். மேட்டூரில் தண்ணி நிறைஞ்சு வழிஞ்சா முதல் செய்தி நமக்குத்தான் வரும். 1977 நவம்பரில் திருச்சிக்கு வந்த வெள்ளத்தை இங்கே இருக்கிற பாட்டிமார் பார்த்திருப்பீங்க. 2005-ல் வந்ததை நாம எல்லாருமே பார்த்தோம். 2018 ஆகஸ்ட் 22-ம் தேதி ராத்திரி முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் அடிச்சுக்கிட்டுப் போச்சு. 1836-ல் கட்டின அணை. 180 வருஷத்துக்கு மேலே நின்ன கல் கட்டடமே அப்படிப் போகும்போது, நம்ம செங்கல் சுவர் என்ன சொல்லும்? தண்ணி மட்டுமா? வைக்கோல் போர், கேஸ் அடுப்பு, பழைய ஒயரிங், சூறைக்காத்துல தென்னை மரம் சாயறது, மெயின் ரோட்டோரம் இருக்கிற வீட்டுல லாரி வந்து மோதறது. கரூர் ரோட்டுல குடியிருக்கிறவங்களுக்கு நான் புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீடு போனா அந்த வீட்டுக்காரிக்கு மட்டும் நஷ்டமில்லை, இதை நாம கூட்டத்தில் பேசறதே இல்லை. அவள் கையில் குழுக்கடன் இருக்கும், பேங்க் லிங்கேஜ் தவணை இருக்கும். வீடு எரிஞ்ச மாசமும் தவணைத் தேதி மாறாது. அவளால் கட்ட முடியாமல் போனால் மீதிப் பேர் தலையில் விழும். இல்லேன்னா குழுவோட பேர் பேங்கில் கெடும், அடுத்த கடன் நிக்கும். அதனால வீட்டுக் காப்பீடு என்பது ஒருத்தியோட சொந்த விஷயம் இல்லை. சேமிப்பு மாதிரி, வருகைப் பதிவு மாதிரி, குழு விஷயம்.

சரி, வீட்டு இன்சூரன்ஸ்னா என்ன? இது எல்.ஐ.சி.யில் கிடைக்காது. அது ஆயுள் காப்பீடு. வீட்டுக்குப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம்தான் போகணும். அரசு நிறுவனங்கள் நாலு இருக்கு. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல். தனியார் நிறுவனங்களும் நிறைய இருக்கு. முன்னாடியெல்லாம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி பாலிசி வச்சிருந்தாங்க, படிச்சவங்களுக்கே புரியாது. 2021 ஏப்ரல் 1-லிருந்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நல்ல காரியம் செஞ்சது. வீட்டுக்குன்னு ஒரே மாதிரியான ஒரு பாலிசியை எல்லா நிறுவனமும் விற்கணும்னு உத்தரவு போட்டது. அதோட பேர் பாரத் கிருஹ ரக்ஷா. இந்தப் பேரை மட்டும் இன்னிக்கு மனசுல எழுதிக்கிட்டுப் போங்க. எந்த அலுவலகத்தில் போய் இந்தப் பேரைச் சொன்னாலும் "எங்ககிட்ட இல்லை"ன்னு சொல்ல முடியாது. ஷரத்து எல்லா இடத்திலும் ஒண்ணுதான், பிரீமியம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால இரண்டு மூணு இடத்துல விலை கேட்டு வாங்குங்க. சேலை எடுக்கவே நாலு கடை ஏறி இறங்கறோம்.

இதில் இரண்டு பகுதி இருக்கு. ஒண்ணு கட்டடம். சுவர், கூரை, தரை, கதவு ஜன்னல், வீட்டோடு சேர்ந்த கழிப்பறை, சுற்றுச்சுவர் எல்லாம் அதில் வரும். இன்னொண்ணு வீட்டுக்குள்ளே இருக்கிற சாமான். பீரோ, கட்டில், டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், துணிமணி, பாத்திரம். சொந்த வீட்டுக்காரங்க இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். வாடகைக்கு இருக்கிறவங்க கட்டடத்துக்கு எடுக்க முடியாது, அது வீட்டுக்காரரோட பொறுப்பு. ஆனா சாமானுக்கு மட்டும் தாராளமா எடுக்கலாம். "வாடகை வீடுதானே, நமக்கு எதுக்கு"ன்னு நினைக்காதீங்க. வெள்ளம் வந்தா முதல்ல போறது சுவர் இல்லே, சாமான்தான்.

தொகையை எப்படிப் போடறது? இங்கேதான் நிறையப் பேர் குழம்பறாங்க. வீட்டை இன்னிக்கு வித்தா என்ன விலைக்குப் போகும் என்று கணக்குப் போடக்கூடாது. மனை விலை இதில் வராது. வெள்ளம் வந்தாலும் தீப்பிடிச்சாலும் மண்ணு எங்கேயும் போகாது, அங்கேயேதான் இருக்கும். கட்டடத்தை இன்னிக்குத் திரும்பக் கட்ட என்ன செலவாகுமோ அதுதான் தொகை. உள் அளவு 500 சதுர அடி வீடுன்னு வச்சுக்குங்க. சதுர அடிக்கு 2,000 ரூபாய் கட்டுமானச் செலவுன்னா 10 லட்சம். கொத்தனாரைக் கேட்டாலே நம்ம பக்கத்துல இப்போ என்ன ரேட்டுன்னு சொல்லிடுவார். இந்தப் பத்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தா, சாமானுக்குன்னு தனியாப் பட்டியல் எதுவும் தராமலே 20 சதவீதம், அதாவது 2 லட்சம் வரைக்கும் தானாகவே சேர்ந்திடும். பெரிய வீடா இருந்தாலும் இப்படித் தானாச் சேர்வது 10 லட்சத்துக்கு மேலே போகாது. அதுக்கு மேலே வேணும்னா பட்டியல் கொடுத்து எடுக்கணும்.

பழைய பாலிசிகளில் ஒரு பொல்லாத கணக்கு இருந்தது. 10 லட்சம் பெறுமான வீட்டுக்கு, பிரீமியம் மிச்சம் பண்ணலாம்னு 5 லட்சத்துக்கு மட்டும் எடுத்திருப்பாங்க. ஒரு பக்கச் சுவர் விழுந்து 2 லட்சம் நஷ்டம் வரும். "பாதி மதிப்புக்குத்தானே எடுத்தீங்க, அப்போ நஷ்டத்திலும் பாதிதான்"னு 1 லட்சம் கொடுப்பாங்க. வாங்கறவங்க அழுதுக்கிட்டே வாங்கிட்டுப் போவாங்க. இந்தப் புதுப் பாலிசியில் அந்தக் கணக்கை எடுத்துட்டாங்க. எடுத்த தொகைக்குள்ளே நஷ்டம் இருந்தா முழுசாக் கிடைக்கும். அதுக்காக வேணும்னே குறைச்சு எடுக்காதீங்க. முழு வீடும் போயிட்டா, எடுத்த தொகைக்கு மேலே ஒரு பைசா வராது. இன்னொரு வசதியும் இருக்கு. ஒரேயடியாப் பத்து வருஷம் வரைக்கும் எடுக்கலாம். அப்படி எடுத்தா காப்பீட்டுத் தொகை வருஷா வருஷம் 10 சதவீதம் தானா ஏறும். சிமெண்ட் விலை ஏறுதே, அதுக்காக. வருஷா வருஷம் தேதியை ஞாபகம் வச்சுப் புதுப்பிக்கிற தலைவலியும் இல்லை.

எதுக்கெல்லாம் பணம் வரும்? தீ, வெடிப்பு, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், சூறைக்காத்து, வெள்ளம், தண்ணி சூழ்ந்துக்கிறது, சுனாமி, நிலம் உள்வாங்கறது, மண் சரிவு, மரம் விழறது, வண்டி மோதறது, கலவரம், வேணும்னே யாராவது சேதம் பண்றது, தண்ணி டேங்க் குழாய் வெடிச்சுக் கொட்டறது. நம்ம ஊருக்கு வேண்டியதெல்லாம் இதிலேயே இருக்கு. வெள்ளத்துக்குன்னு தனியா எடுக்கணுமான்னு போன கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. வேண்டாம், உள்ளேயே இருக்கு. வீடு குடியிருக்க முடியாமல் போயிட்டா, சரி பண்ற வரைக்கும் வேற இடத்துல இருக்கிறதுக்கு வாடகை உண்டு. இடிபாட்டை அள்ளிக் கொட்டற செலவுக்கும் ஒரு சின்னத் தொகை உண்டு.

இப்போ வராததைச் சொல்றேன். இதைத்தான் கவனமாக் கேட்கணும், ஏன்னா சண்டையெல்லாம் இங்கேதான் வருது.

திருட்டு. வீட்டு இன்சூரன்ஸ்னாலே திருட்டுக்குத்தான்னு பாதிப் பேர் நினைக்கறாங்க. இந்தப் பாலிசியில் சும்மா பூட்டை உடைச்சுத் திருடிட்டுப் போனா பணம் கிடையாது. தீ, வெள்ளம் மாதிரி ஏதாவது நடந்து, அதிலிருந்து ஏழு நாளைக்குள்ளே திருட்டுப் போனா மட்டும் உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்திருக்கோம், அந்த நேரத்துல எவனோ டிவியைத் தூக்கிட்டுப் போயிட்டான், அதுக்கு உண்டு. சாதாரணத் திருட்டுக்கும் வேணும்னா கன்னக்களவுக் காப்பீடுன்னு தனியா கேட்டு எடுக்கணும். அதையும் சேர்த்துத் தர்ற பெரிய வீட்டுப் பாலிசிகளும் சில நிறுவனங்களில் இருக்கு, விலையும் அதுக்கேத்த மாதிரி கூட இருக்கும்.

ரொக்கம். பணத்துக்குப் பாதுகாப்பு இல்லை. ஊக்குநர்கள் இதைக் குறிச்சுக்குங்க. குழுச் சேமிப்பை வசூல் பண்ணி, "நாளைக்கு பேங்க்ல கட்டிக்கலாம்"னு பீரோவில் வைக்கிறீங்களே, அந்த ராத்திரி தீப்பிடிச்சா அந்தப் பணத்துக்கு யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. பத்திரம், பாஸ்புக், பட்டா எரிஞ்சாலும் அதுக்கு இழப்பீடு இல்லை. பத்திரத்தை நகல் எடுத்து வேற ஒரு வீட்டுல வைங்க. வண்டியும் இதில் வராது, வண்டிக்கு வண்டி இன்சூரன்ஸ்தான்.

நகைக்குத் தனியாச் சொல்லி, மதிப்பு ஒத்துக்கிட்டு, கூடுதலாக் கட்டி எடுக்கலாம். அதுவும் இதே தீ, வெள்ளம் மாதிரியான நிகழ்ச்சிகளுக்குத்தான். நம்ம நகை பெரும்பாலும் பேங்க்லதானே தூங்குது, அதனால இதுக்கு ரொம்ப நேரம் செலவழிக்கலே.

பழசானதுக்குப் பணம் கிடையாது. ஓதம் ஏறிச் சுவர் உதிர்றது, தளத்துல வெடிப்பு விட்டு மழைத்தண்ணி ஒழுகறது, கரையான் அரிக்கறது, இதெல்லாம் நாமதான் பார்த்துக்கணும். அப்புறம் கரண்ட். வோல்டேஜ் ஏறி இறங்கி பிரிட்ஜ் மோட்டார் மட்டும் கருகினா, அந்த பிரிட்ஜுக்குக் கிடையாது. அதிலிருந்து தீ பரவி வீடு எரிஞ்சா, எரிஞ்ச மத்ததுக்கு உண்டு. இந்த வித்தியாசம் தெரியாமல் அலுவலகத்தில் வந்து மேசையைத் தட்டினவங்க எத்தனையோ பேர். அவங்க கோபத்திலும் நியாயம் இருக்கு, எடுக்கும்போது யாரும் படிச்சுக் காட்டலையே.

இன்னொண்ணு. வீட்டிலேயே தொழில் பண்றவங்க இங்கே நிறைய. தையல் மெஷின் நாலு போட்டுத் தைக்கறவங்க, மசாலாப் பொடி அரைக்கறவங்க, வாழைநாரில் கூடை பின்றவங்க. வீட்டுச் சாமான் என்ற கணக்கில் விற்பனைச் சரக்கும் தொழில் மெஷினும் வராது. அதுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷான்னு சின்னத் தொழிலுக்கான தனிப் பாலிசி இருக்கு. அதுவும் 2021-ல் வந்ததுதான். விண்ணப்பத்தில் "வீட்டில் தொழில் நடக்குதா"ன்னு கேட்டிருக்கும். நடக்குதுன்னா நடக்குதுன்னு எழுதுங்க. மறைச்சு எழுதி, பின்னாடி கிளெயிம் நேரத்தில் சர்வேயர் வந்து நாலு மெஷினைப் பார்த்தா, இருக்கிறதும் போகும்.

கூரை விஷயத்தையும் மறைக்கக்கூடாது. கான்கிரீட் தளம், ஓடு எல்லாம் ஒரு வகை. கீற்று, ஓலை, தார்ப்பாய், மூங்கில் தட்டி, மரப்பலகை போட்டதெல்லாம் கச்சா வீடுன்னு வேறு வகை. கச்சா வீட்டுக்கு எடுக்கப் போறவங்க முதல்லேயே தெளிவாச் சொல்லி, "ஏத்துக்கறீங்களா"ன்னு எழுத்தில் கேளுங்க. கான்கிரீட் வீட்டுக்குப் பின்னாடி கீற்றுக் கொட்டகை போட்டுச் சமைக்கறவங்களும் அதைச் சொல்லிடுங்க.

அப்போ குடிசைக்கு ஒண்ணுமே இல்லையான்னு அந்தப் பக்கம் ஒருத்தங்க கேட்கறாங்க. அரசாங்கம் பேரிடர் நிவாரணம் தருது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது சேதமான குடிசைக்கு 8,000 ரூபாய் அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் ஃபெஞ்சல் புயலுக்கு 10,000 ரூபாய். வி.ஏ.ஓ. வந்து பார்த்து எழுதிக்கிட்டுப் போகணும். இன்சூரன்ஸ் இருக்கிறவங்களும் வி.ஏ.ஓ.கிட்ட பதிவு பண்ணத் தயங்காதீங்க. ஆனா கணக்குப் பாருங்க. 10,000 ரூபாயில் கீத்து மாத்தலாம், வீடு கட்ட முடியாது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3 லட்சத்து 50 ஆயிரம் தர்றாங்க. குடிசையில் இருக்கிற உறுப்பினர்கள் பேர் பட்டியலில் இருக்கான்னு ஊராட்சியில் பார்க்கறது முதல் வேலை. அந்தத் திட்டத்தில் கட்டி முடிச்ச வீடு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் தளம். கட்டி முடிச்ச அந்த மாசமே அதுக்கு ஒரு பாலிசி எடுத்திடுங்க. வாழ்நாள்ல ஒரு தடவைதான் அப்படி வீடு கிடைக்கும்.

பேர் விஷயம் ஒண்ணு இருக்கு. வீடு யார் பேரில் இருக்கோ அவங்க பேரில்தான் கட்டடத்துக்குப் பாலிசி எடுக்கணும். மாமியார் பேரில் வீடு, மருமகள் பேரில் பாலிசின்னா பணம் வரும்போது இழுபறி. கூட்டுப் பட்டான்னா எல்லார் பேரையும் போடச் சொல்லுங்க. ஸ்ரீரங்கத்துப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறவங்க அடிமனைப் பிரச்சினையைப் பத்திக் கேட்பீங்க. மண்ணு கோயிலுடையது, கட்டடம் நம்முடையது என்கிற நிலைமையை விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதி, வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை இதையெல்லாம் வச்சுக் கேளுங்க. பாலிசி கட்டடத்துக்குத்தான், மண்ணுக்கு இல்லை. ஆனாலும் வாயால் சொல்ற பதிலை நம்பாமல் எழுத்தில் வாங்கிக்குங்க.

இப்போ நான் வேலையில் இருந்தப்போ பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். ஆத்தங்கரை ஊர், எந்த ஊருன்னு வேண்டாம். ஒரு அம்மா, கணவர் இல்லை, வீடு கட்ட வங்கியில் கடன் வாங்கியிருந்தாங்க. வெள்ளத்துல பின் சுவரும் சமையல்கட்டும் போயிடுச்சு. நிவாரணம் வாங்கினாங்க, மிச்சத்துக்கு வட்டிக்கு வாங்கிச் சுவர் வச்சாங்க. ஏழு எட்டு மாசம் கழிச்சு கடன் கணக்கு ஸ்டேட்மெண்ட்டை அவங்க பொண்ணு படிச்சுப் பார்த்திருக்கா. காலேஜ் படிக்கிற பொண்ணு. அதில் "இன்சூரன்ஸ் பிரீமியம்"னு ஒரு வரி. கடன் கொடுத்தப்பவே வங்கி அந்த வீட்டுக்குத் தீ, வெள்ளம் எல்லாத்துக்கும் பாலிசி எடுத்து வச்சிருக்கு. பாலிசி வங்கி ஃபைலில், பணம் பிடிச்சது இந்த அம்மா கணக்கில். அவங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. ஸ்டேட்மெண்ட்டை எடுத்துக்கிட்டு எங்க அலுவலகத்துக்கு வந்தாங்க. இத்தனை மாசம் கழிச்சு வந்தா சர்வேயர் எதைப் பார்ப்பார்? சுவர் புதுசா நிக்குது. நல்லவேளை, அந்தப் பொண்ணு வெள்ளம் வடிஞ்ச அன்னிக்கே போனில் படம் எடுத்து வச்சிருந்தா. வி.ஏ.ஓ. எழுதின நிவாரணப் பதிவும் இருந்தது. தாமதத்துக்குக் காரணத்தை எழுதி வாங்கி அனுப்பினோம். கேட்டது முழுசும் கிடைக்கலே, பாதிக்குக் கொஞ்சம் மேலே கிடைச்சது. அந்தம்மா பணத்தை வாங்கிக்கிட்டு என்கிட்ட கேட்டாங்க, "என் காசுல எனக்கே தெரியாம எடுத்து வச்சிருந்தா, அது யாருக்குங்க இன்சூரன்ஸ்?" நான் பதில் சொல்லலே.

அதனால வீட்டுக்கடன் இருக்கிற ஒவ்வொருத்தரும் நாளைக்கே போய்க் கேட்க வேண்டியது இரண்டு கேள்வி. என் வீட்டுக்குப் பாலிசி எடுத்திருக்கீங்களா, அதோட நகல் கொடுங்க. இரண்டாவது, அது வீட்டுக்கா, கடனுக்கா? ஏன்னா கடன் காப்பீடுன்னு வேறொண்ணு இருக்கு. கடன் வாங்கினவர் இறந்துபோனா மீதிக் கடனைக் கட்டுவது அது. வீடு எரிஞ்சா அது ஒண்ணும் செய்யாது. இரண்டும் ஒண்ணுன்னு நினைச்சு ஏமாந்தவங்க நிறைய.

காசு கட்டாமலே நமக்கு இருக்கிற ஒரு காப்பீட்டையும் சொல்லிடறேன், இது முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கேஸ் கனெக்ஷன் இருக்கிற எல்லா வீட்டுக்கும் எண்ணெய் நிறுவனங்களே விபத்துக் காப்பீடு எடுத்து வச்சிருக்கு. சிலிண்டர் விபத்தில் உயிர் போனா ஒருத்தருக்கு 6 லட்சம், காயத்துக்குச் சிகிச்சைக்கு ஒருத்தருக்கு 2 லட்சம் வரை, கனெக்ஷன் பதிவான வீட்டுக்குச் சேதம்னா 2 லட்சம் வரை. ஆனா விபத்து நடந்த உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்கணும். பதிவான விலாசத்தில்தான் சிலிண்டர் இருக்கணும். அண்ணன் பேர்ல இருக்கிற கனெக்ஷனைத் தங்கச்சி வீட்டுல வச்சு எரிக்கறது நமக்குச் சகஜம், சிக்கல் அங்கேதான் வரும். ரப்பர் ட்யூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டதா இருக்கணும், ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். கேஸ் கசிஞ்சா கூப்பிட வேண்டிய நம்பர் 1906. போய் இன்னிக்கே சமையல்கட்டுச் சுவத்துல எழுதி வைங்க.

ஏதாவது நடந்துட்டா என்ன செய்யணும்? முதல்ல உயிர், அப்புறம்தான் சாமான். அது முடிஞ்ச உடனே போனை எடுத்து நாலு பக்கமும் படம் பிடிங்க. எதையும் கழுவித் துடைக்கறதுக்கு முன்னாடி பிடிக்கணும். நாம வெள்ளம் வடிஞ்ச மறுநிமிஷமே வீட்டைக் கழுவி விட்டுடுவோம், அது நம்ம வளர்ப்பு. கொஞ்சம் பொறுத்துக்குங்க. அன்னிக்கே நிறுவனத்துக்குப் போன் போட்டு, புகார் நம்பர் வாங்கி எழுதி வைங்க. தீன்னா தீயணைப்பு நிலையத்தில் அறிக்கை கேளுங்க. திருட்டு, கலவரம்னா போலீஸ்ல எப்.ஐ.ஆர். நிறுவனம் ஒரு சர்வேயரை அனுப்பும். அவருக்குச் சம்பளம் நிறுவனம் தரும், நாம ஒரு பைசா தரத் தேவையில்லை. டீ வேணும்னா கொடுங்க. நனைஞ்ச சாமானை அவர் பார்க்கற வரைக்கும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுடாதீங்க.

பணம் தர மறுத்தாங்க, இல்லே குறைச்சுத் தந்தாங்கன்னா, காரணத்தை எழுத்தில் கேளுங்க. முதல்ல அந்த நிறுவனத்தோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதணும். ஒரு மாசத்தில் பதில் வரலே, வந்த பதில் சரியில்லேன்னா, சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கார். ஆம்புட்ஸ்மேன்னு சொல்வாங்க. ஒரு வருஷத்துக்குள்ளே மனு போடணும். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரைக்கும் அவர் உத்தரவு போடலாம். ஆணையத்தின் இலவச எண் 155255. அதில் தமிழிலேயே பேசலாம்.

கடைசியா கூட்டமைப்பு நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. பெண்கள் சங்கமே இன்சூரன்ஸை நடத்த முடியுமான்னு சந்தேகம் இருந்தா, குஜராத்தில் சேவா சங்கத்தைப் பாருங்க. 1972-ல் இலா பட் அம்மையார் அகமதாபாத்தில் ஆரம்பிச்சது. தெருவில் காய் விக்கிறவங்க, பீடி சுத்தறவங்க, தலைச்சுமை தூக்கறவங்க சேர்ந்த சங்கம். 1992-ல் வீமோ சேவான்னு தங்கள் உறுப்பினர்களுக்கே காப்பீட்டுத் திட்டம் ஆரம்பிச்சாங்க. உயிர், வைத்தியம், வீடு, சாமான் எல்லாம் ஒரே திட்டத்தில். 2001 ஜனவரி 26-ல் பூகம்பம் வந்தப்போ, வீடு இடிஞ்ச உறுப்பினர்களை அவங்க சங்கத்துப் பெண்களே தேடிப் போய், படிவம் எழுதி, பணம் வாங்கிக் கொடுத்தாங்க. நம்ம நாட்டுச் சட்டமும் இதுக்கு இடம் தருது. 2005-ல் வந்த நுண்காப்பீட்டு விதிகளில் குடிசை, கால்நடை, தொழில் கருவிகளுக்குச் சின்னப் பாலிசி வழங்கலாம்னும், சுய உதவிக்குழுக்களே அதுக்கு முகவராக இருக்கலாம்னும் எழுதியிருந்தது. வெளியாள் வந்து நமக்கு விக்கணும்னு அவசியமே இல்லை.

அவ்வளவு தூரம் உடனே போகச் சொல்லலே. அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வைங்க. ஒவ்வொரு குழுவிலும் ஒரு நோட்டு. அதில் உறுப்பினர் பேர், வீடு யார் பேரில், கூரை என்ன வகை, பாலிசி இருக்கா, நம்பர் என்ன, எந்தத் தேதியோட முடியுது. இதை ஊக்குநர் எழுதி முடிக்க இரண்டு கூட்டம் போதும். அப்புறம் நூறு வீடு சேர்ந்து ஒரு நிறுவனத்துகிட்டப் போய் விலை கேட்டா, அவங்களே ஆள் அனுப்பி இங்கே வந்து உட்கார்ந்து எழுதிக் கொடுப்பாங்க. ஒத்தை வீட்டுக்கு வராதவங்க நூறு வீட்டுக்கு வருவாங்க. பிரீமியத்தைக் குழுவிலிருந்து சின்னக் கடனாக் கொடுத்து, மாசம் முப்பது நாப்பதுன்னு பிடிச்சுக்கலாம். வட்டி போடறதா வேண்டாமான்னு நீங்க சண்டை போட்டு முடிவு பண்ணிக்குங்க, அதில் நான் தலையிட மாட்டேன்.

சாப்பாடு தயாராயிடுச்சுன்னு பின்னாடி சைகை காட்டறாங்க. சாப்பிட்ட பிறகு நாலு மணி வரைக்கும் அந்த வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். பழைய பாலிசி, கடன் ஸ்டேட்மெண்ட், வீட்டு வரி ரசீது எது கையில் இருந்தாலும் கொண்டு வாங்க. கண்ணாடி எடுத்துக்கிட்டு வந்திருக்கேன், சேர்ந்து படிச்சுப் பார்ப்போம்.